பத்தாண்டு உத்தரவாதம்

புதுக் குழாயோடு வரும் உத்தரவாதச் சீட்டில் ‘பத்தாண்டு’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். எதற்கெல்லாம் அது செல்லாது என்பதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்: உப்புத் தண்ணீர், ஆசிட், கம்பி நார், தவறாக மாட்டியது. சென்னைப் புறநகரில் போர் தண்ணீரை நம்பிக் குடியிருப்பவருக்கு முதல் வார்த்தையே போதும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600. நம் தெரு மோட்டார் அதைப் படித்ததில்லை.

மீதியைப் பிளம்பர் பார்த்துக்கொள்வார். பைப்புக்குள் கிடக்கும் மணலையும் சிமென்ட் துகளையும் தண்ணீர் திறந்துவிட்டு வெளியேற்றிய பிறகே குழாயை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் தட்டில் கீறல் விழுந்து, குழாய் சொட்ட ஆரம்பிக்கும். “அதெல்லாம் தானா போயிடும் சார்” என்பார். பைப் ரெஞ்சை நேராகக் குரோம் மேலேயே வைத்துத் திருகுவார். பழைய துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளச் சொன்னால், பரம்பரையையே பழித்ததுபோல் பார்ப்பார்.

பொங்கலுக்கு முன் வீடு சுத்தம். குளித்து முடித்ததும் குழாயைத் துடைத்திருந்தால் கறை இவ்வளவு ஏறியிருக்காது. அதற்கு நேரம் ஏது? ஆசிட் வரும். வெள்ளைக் கறையோடு குரோமும் விடைபெறும்.

பில்? வெப்பத்தாளில் அச்சடித்தது. உத்தரவாதம் முடியுமுன்னே எழுத்து மறைந்து, வெள்ளைத் தாளாகிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வைத்த புத்திசாலிகளிடம் சேவை மையம் வேறு கேள்வி வைத்திருக்கிறது: “மாட்டினது எங்க ஆளா சார்?”