உதிர்ந்த திராட்சை யாருக்கு?

கேள்வி: ஏழைக்குத் தாராளமாகக் கொடு என்கிறதே பைபிள், எவ்வளவு என்று அளவு ஏதும் உண்டா? (வாசகர், மேகமலை)

பதில்: உண்டு. மேகமலையின் காலடியில், கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் திராட்சைப் பந்தலை வைத்தே சொல்லிவிடலாம். லேவியராகமம் 19-ம் அதிகாரப்படி, தோட்டக்காரர் கொடியை ஒட்ட வழித்துவிடக் கூடாது. உதிர்ந்ததைப் பொறுக்கவும் கூடாது. அது ஏழைக்கும், பிழைக்க வந்த வெளியூர்க்காரருக்கும். நெல்லோ கோதுமையோ, வயலின் ஓரத்துக் கதிரையும் அறுக்காமல் விட வேண்டும். கொடுப்பவர் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொள்ள இதில் வழியே இல்லை!

மோவாபிலிருந்து வந்த விதவை ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கியது இந்த உரிமையில்தான். நிலக்காரர் போவாஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். கட்டிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று அறுப்பாட்களிடம் சொல்லிவைத்தார். அன்று மாலை ரூத் தட்டிப் புடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனது ஏறக்குறைய ஓர் எப்பா வாற்கோதுமை. இருபது லிட்டருக்குக் குறையாது.

மறுபடி நம் பந்தலுக்கு வருவோம். கம்பத்துப் பன்னீர் திராட்சையை 1832-ல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழம் வேர்பிடித்துவிட்டது, லேவியராகமச் சட்டம்தான் இன்னும் நாற்றங்காலில் இருக்கிறது.

உபாகமம் 23 இன்னும் தாராளம்: அடுத்தவர் தோட்டத்தில் வயிறு நிறையத் தின்னலாம், கூடையில் மட்டும் போடக் கூடாது. இதைச் சின்னமனூர்ப் பக்கம் சோதித்துப் பார்க்க நினைப்பவர், காவல் நாய் கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. அது பழைய ஏற்பாடு படித்ததில்லை.