நடக்க விடுங்கள், சாமி!

பழனிக்கு நடந்துபோகிறவன் இளைத்துத்தான் திரும்புவான் என்று நம்புகிறவர்கள் ஒரு தை மாதம் நத்தம் சாலைக்கு வரவேண்டும். நடக்க நடக்க எடை கூடும் அதிசயத்தை அங்கே பார்க்கலாம்.

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்து ஜனங்கள் குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடப்பார்கள். சுமார் 150 கிலோமீட்டர். நகரத்தார் காவடி இந்த வழியில் 400 வருஷத்துக்கு மேலாகப் போகிறது. அவர்களில் காவடியோடு நடந்தே ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. நாங்கள் பழனி பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்குத் துண்டு போடுகிற ரகம்.

நத்தத்திலிருந்து திண்டுக்கல் 35 கிலோமீட்டருக்கு மேல். வெயிலுக்கு முன்னால் பாதியையாவது தாண்டிவிட வேண்டுமென்று குருசாமி ராத்திரி இரண்டரை மணிக்கே எழுப்பிவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் என் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அதனால் பின்னால் வருகிற லாரிக்கு நான் நன்றாகத் தெரிந்தேன். முன்னால் கிடந்த ஜல்லிதான் எனக்குத் தெரியவில்லை.

முதல் அன்னதானப் பந்தலில் சுக்குக் காபி. அடுத்ததில் வெண்பொங்கல். "வேண்டாம் சாமி, இப்பத்தான்..." என்று இழுத்தால், "முருகன் குடுக்குறதை வேண்டாம்பீங்களா சாமி?" என்று மடக்குகிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? தொன்னையில் நெய் மினுங்குகிறது, முழுமிளகு முறைக்கிறது, சூடு உள்ளங்கையைப் பொசுக்குகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஒரு காலில் கொப்புளம் என்பதால் மறு காலில் நின்று தின்றேன். பழனி ஆண்டவர் கோவணத்தோடு நிற்பது சும்மா இல்லை. வேட்டியென்றால் இந்தச் சாப்பாட்டுக்கு இடுப்பில் நிற்காது.

கோபால்பட்டி வருவதற்குள் இட்லி, தக்காளி சாதம், கேசரி, மறுபடி கேசரி. வீட்டில் சர்க்கரையைக் காட்டி மறுக்கப்பட்ட அத்தனையும் நடுரோட்டில் கையை விரித்து மறித்துக் கொடுக்கப்பட்டது.

எங்கள் கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர். இடுப்பில் ஒரு சுருக்குப்பை, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் மோர் மட்டும் வாங்குவார்; நின்றபடி ஒரே மடக்கு; நடை. எப்போது பார்த்தாலும் எனக்கு அரை பர்லாங் முன்னால்தான் இருந்தார். மூச்சிரைக்க எட்டிப் பிடித்து ரகசியம் கேட்டேன்.

"தம்பி, கையை நீட்டாதிய. கையை நீட்டுனா காலு நின்னு போகும்."

பத்து மணிக்கு மேல் தார் தன் குணத்தைக் காட்டியது. அப்போது வெறுங்காலுக்கு ஒரே அடைக்கலம், சாலையோரம் போட்டிருக்கும் வெள்ளைக்கோடு. வெள்ளைப் பெயின்ட் தாரளவுக்குச் சுடாது. அரையடிகூட அகலமில்லாத அந்தக் கோட்டில் பச்சை வேட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சர்க்கஸ்காரி கம்பிமேல் நடப்பதுபோலப் போகின்றன. நம் நாட்டில் சாலைக்கோட்டை இத்தனை பயபக்தியோடு மதிக்கிற ஒரே கூட்டம் பாதயாத்திரைக்காரர்கள்தான். ஓரிடத்தில் நாய் ஒன்று கோட்டின்மேல் படுத்திருந்தது. எழுப்பினால் பாவம், சுற்றிப்போனால் பாதம். ஆளாளுக்கு நாலு எட்டுத் துள்ளிக் கடந்தோம். எதிரே பஸ்ஸில் போனவர்கள் காவடியாட்டம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் விழுந்தோம். இடப்பக்கம் சிறுமலை அழகாக நின்றது. அழகை ரசிக்கிற நிலையில் யாரும் இல்லை. எல்லோரும் அவரவர் உள்ளங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து ஊசி நூல் வந்தது. கொப்புளத்தில் கோத்து, நூலை அப்படியே விட்டுவிட்டார், நீர் வடிந்தது. டாக்டர்கள் கோபித்துக்கொள்ளும் வைத்தியம்தான். ஆனால் டாக்டர் யாரும் பக்கத்தில் இல்லை, கேசரிக்காரர்தான் இருந்தார்.

பந்தல் போடுகிற புண்ணியவான்களே, உங்கள் மனசு பெரிசு, சந்தேகமேயில்லை. வருகிற தையில் பொங்கல் அண்டா ஒன்றைக் குறைத்துக்கொண்டு, வெந்நீரும் கல்லுப்பும் போட்ட ஒரு தொட்டி வையுங்கள். பக்கத்தில் தேங்காயெண்ணெய் ஒரு கிண்ணம். தொன்னை போடக் கூடை ஒன்று. இப்போது தொன்னையெல்லாம் எங்கள் காலடியில்தான் கிடக்கிறது. மோர் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றுங்கள். கேசரியை நிறுத்தச் சொல்லவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கொடுத்தால் போதும்.