தலைக்கு மேல் மின் நிலையம்

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மக்களுக்கு ஒரு யோசனை சொன்னது: பேரிடர் வந்தால் 72 மணி நேரம் யார் தயவும் இல்லாமல் தாக்குப்பிடிக்கப் பொருள் சேர்த்து வையுங்கள். நெருக்கடி மேலாண்மை ஆணையர் ஹாட்ஜா லாபிப் தன் கைப்பையையே திறந்து காட்டிக் காணொளி வெளியிட்டார். தண்ணீர், டார்ச், ரேடியோ, ரொக்கம், பொழுது போக ஒரு சீட்டுக்கட்டு. ஊரே கேலி பேசியது.

ஏப்ரல் 28, ஸ்பெயின் நேரப்படி பகல் 12.33. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் போனது. வெயில் போகவில்லை, அது பாட்டுக்குக் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் வரை ஸ்பெயினுக்குப் பாதிக்கு மேல் மின்சாரம் கொடுத்தவரே சூரியன்தான். ஐந்து விநாடியில் 15 ஜிகாவாட் மாயம். கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் பாடு தனி. பேட்டரியும் தனித்தியங்கும் வசதியும் இல்லாத இன்வெர்ட்டர், வெளி லைனில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதல்லவா? நியாயம்தான். ஆனால் தலைக்கு மேல் மின் நிலையம், கீழே மெழுகுவத்தி.

கார்டு தேய்க்கும் இயந்திரம் செத்துப்போக, சில்லறை வைத்திருந்தவர் அன்றைக்கு ராஜா. பேட்டரி ரேடியோவுக்குக் கடைகளில் அடிதடி இல்லாத குறை.

மின்னழுத்தம் எகிறியதுதான் காரணம் என்று ஜூனில் ஸ்பெயின் அரசின் அறிக்கை வந்தது. அடக்க வேண்டிய பழைய பாணி மின் நிலையங்கள் சரியாக அடக்கவில்லையாம். சூரியப் பூங்காக்கள் அந்த வேலையைச் செய்ய அப்போது விதியில் இடமே இல்லை. விதியைத் திருத்தியதும் அதே ஜூனில்தான். நிலையங்கள்மேல் குற்றம் என்றது மின்தொகுப்பு நிறுவனம். தொகுப்பின்மேல் என்றன நிலையங்கள். பழி மட்டும் ஒரு விநாடிகூடத் தடைபடாமல் விநியோகமானது.