ஞாயிற்றுக்கிழமைக் கைமாற்று

சென்னையில் வாங்கிய என் போனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சனி, ஞாயிறு அலாரம் அடிக்காது. 2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை, ஷாங்காய் வீட்டில் அது சமர்த்தாக வாயை மூடிக்கொண்டிருந்தது. நானும் ஒன்பதரை வரை தூங்கினேன். எழுப்பியது ஆபீஸ் தோழியின் அழைப்பு: “மீட்டிங்கில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். நீ எங்கே?”

சீனாவில் லீவு என்பது இனாம் இல்லை, கைமாற்று. அந்த வருஷம் நிலா விழா செவ்வாய்க்கிழமை வந்தது. நடுவில் தொக்கி நின்ற திங்களையும் லீவாக்கிவிட்டு, அதற்கு ஈடாக முந்தின சனிக்கிழமையை வேலைநாளாக்கிவிட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ‘தியாவ்சியூ’ என்று பெயர், பெருமூச்சோடுதான் உச்சரிப்பார்கள். தோழியின் போன் உள்ளூர்ச் சரக்கு, அரசாங்க உத்தரவு அதற்கு அத்துபடி. காலையில் கரெக்டாகக் கூவியிருக்கிறது.

அந்தச் சீசனின் கணக்கைத் தோழி ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: ஆறு நாள் வேலை மூன்று நாள் லீவு, மூன்று வேலை இரண்டு லீவு, ஐந்து வேலை ஒன்று லீவு, இரண்டு வேலை ஏழு லீவு, மறுபடி ஐந்து வேலை ஒன்று லீவு. தவில்காரர் யாராவது கேட்டிருந்தால் தனியாவர்த்தனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஏழு நாள்தான் அக்டோபர் 1 தேசிய தின விடுமுறை. நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் அதே ஏழு நாள். ஹாங்சோ போகலாம் என்று கிளம்பினேன். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். டிக்கெட் பதினைந்து நாள் முன்னால் திறக்கும். நான் பாஸ்போர்ட் எண்ணை அடித்து முடிப்பதற்குள் சீட்டெல்லாம் போய், நின்றுகொண்டே போகிற டிக்கெட்தான் கிடைத்தது. விலை என்னவோ சீட்டுக்கு உள்ளதேதான். இந்த நாட்களில் காருக்குச் சுங்கம் இலவசம் என்று ரோட்டில் போன நண்பர் ஒருவர், நெடுஞ்சாலை நடுவில் தன் பிள்ளை பூப்பந்து ஆடுகிற வீடியோ அனுப்பினார்.

ஹாங்சோவின் மேற்கு ஏரியில் ‘உடைந்த பாலம்’ என்று ஒன்று உண்டு. உடையவில்லை, பெயர் அப்படி. பெண்ணுருவெடுத்த வெண்பாம்பு தன் காதலனைச் சந்தித்த இடம் என்பது கதை. அக்டோபர் முதல் வாரத்தில் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை. கூட்டம் என்னை இந்தப் பக்கம் அள்ளி அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. முன்னால் போனவரின் தோளில் ஒரு குழந்தை; அதன் கையில் சர்க்கரைப்பாகில் தோய்த்த பழக்குச்சி. பாலத்தின் உச்சியில் அது என் முடியில் ஒட்டிக்கொண்டது. குழந்தை அழ, அப்பா திரும்ப முடியாமல் நிற்க, மூவருமாக இருபதடி நடந்தோம். நான் எடுத்த போட்டோவில் ஏரி இல்லை, பிடரிகள்தான்.

அக்டோபர் 12, சனிக்கிழமை, கடைசித் தவணை. அம்மா கூப்பிட்டாள்.

“விஜயதசமிடா. நல்ல நாள், புதுசா எதையாவது ஆரம்பி.”

“ஆபீஸ்ல இருக்கேம்மா.”

“சனிக்கிழமையுமா? போன வாரம் முழுக்க லீவுன்னியே!”

“அதைத்தாம்மா அடைக்கிறேன்.”

நவம்பரில் 2025-க்கான பட்டியல் வந்தது. பதினொரு நாள் பொதுவிடுமுறை பதின்மூன்றாகியிருந்தது. ஆபீசில் ஒருவரும் கை தட்டவில்லை. எந்தெந்த ஞாயிறு போச்சு என்று தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் கண்ணில் பட்டது ஜனவரி 26. குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து ஒரு லீவு வீணாய்ப் போச்சே என்று ஊரில் தம்பி புலம்பினான். எனக்கு அன்றைக்கு ஆபீஸ்.