நூலை இடையில் விடுதல்: ஆவடி மார்க்கத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள இனி விஷயமே இல்லை என்று மனம் சோர்ந்திருக்கும் அறிஞர் பெருமக்களுக்கு ஆறுதலாக, இதுவரை எவரும் முறைப்படி கை வைக்காத ஒரு துறையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். படிக்கத் தொடங்கிய புத்தகத்தைப் படித்து முடிக்காமல் விட்டுவிடுவது என்று தீர்மானம் செய்வதே அத்துறை. விடுவது வேறு, விடுவதென்று தீர்மானிப்பது வேறு. முன்னது சர்வ ஜனங்களுக்கும் பொதுவான பழக்கம். பின்னது மகா தைரியசாலிகளுக்கு மட்டுமே கைகூடுவது. பெரும்பாலோர் புத்தகத்தை விட்டும் விடாமலும், அடையாளத் தாளை நடுவில் செருகி, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அலமாரியில் சாய்த்துவைத்து, அந்த ‘அப்புறம்’ என்ற காலத்திலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார்கள்.

ஆராய்ச்சிக்குக் களமாக ஆவடியைத் தேர்ந்தது காரணமின்றியன்று. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில், யு. என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை இவ்வூரில் கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதே லட்சியம் என்று நிறைவேற்றிய தீர்மானம் தேச சரித்திரத்தில் இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. தீர்மானம் செய்வதில் ஊருக்குள்ள பாரம்பரியம் இதனால் விளங்கும். செய்த தீர்மானத்தின் பிற்காலச் சரித்திரம் நம் ஆராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பானது.

அதனினும் முக்கியமானது புறநகர் ரயில். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து நூலகராக இருந்த நான்சி பேர்ல் என்னும் அம்மையார், ஐம்பது வயதுவரை உள்ளவர்கள் எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் தவணை கொடுக்க வேண்டும் என்றும், ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மீதி வரும் பக்கங்களைப் படித்தால் போதும் என்றும் ஒரு விதி வகுத்தார். நூறு வயது நிரம்பியவர் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்பது இவ்விதியின் உச்சம். இதை அந்த அம்மையார் எந்த ரயிலை மனத்தில் வைத்து வகுத்தாரோ தெரியாது. ஆனால் சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் புறப்படும் வண்டி ஆவடி வந்து சேர ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும் என்பதையும், நிமிஷத்துக்கு ஒரு பக்கம் என்பது நடுத்தர வாசகரின் வேகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விதி இந்த மார்க்கத்துக்கென்றே செய்யப்பட்டதுபோல் பொருந்துவது கண்டு வியக்காமல் இருக்க முடியாது. ஐம்பத்தைந்து வயதினர் ஆவடியில் இறங்கும்போது அவருக்குரிய நாற்பத்தைந்து பக்கமும் முடிந்து, தீர்ப்புக்கு நேரம் வந்துவிடுகிறது. அறுபத்தைந்து வயதினர் அம்பத்தூரை ஒட்டியே விடுதலை பெறுகிறார். வாலிபர்களோ ஆவடியைத் தாண்டி, இந்துக் கல்லூரி நிலையத்தையும் கடந்து, பட்டாபிராம் வரை பொறுமை காக்கக் கடமைப்பட்டவர்கள். (கம்பரும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டவர்தாம் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும்.) இக்கணக்கு உட்கார இடம் கிடைத்தவர்களுக்கு மட்டுமே என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

இனிச் சான்றுகள். மேல்நாட்டில் ஜார்டன் எலன்பர்க் என்ற கணித அறிஞர், 2014-இல், மின்னூல் வாசகர்கள் அதிகமாக அடிக்கோடிட்ட வாக்கியங்கள் எந்தப் பக்கங்களில் உள்ளன என்று பார்த்து, அவர்கள் எவ்வளவு தூரம் படித்தார்கள் என்று ஊகிக்க ஓர் அளவுகோல் செய்து, அதற்கு ஸ்டீபன் ஹாக்கிங்கின் பெயரையே சூட்டினார். காலத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்ல 1988-இல் ஹாக்கிங் எழுதிய நூல், வாங்கியோர் பலராகவும் முடித்தோர் சிலராகவும் உள்ள நூல்களுக்குப் பிரசித்தமான உதாரணமாக இருந்ததே காரணம். விளையாட்டாகச் செய்ததென்று எலன்பர்கே ஒப்புக்கொண்ட அந்த அளவுகோலைக் காட்டிலும் நம் ரயில் வாசகர்கள் அடையாளமாகச் செருகிவைக்கும் பழைய சீசன் டிக்கெட் எவ்வளவோ மேலானது. புத்தகம் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதோடு, டிக்கெட்டின் காலாவதித் தேதியைக் கொண்டு, எந்த மாதத்தில் நின்றது, வாசகர் எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் இடையே பிரயாணம் செய்தவர் என்பனவற்றையும் ஐயந்திரிபறச் சொல்லிவிடலாம். கல்வெட்டு ஆராய்ச்சியாளருக்குக்கூட இத்தனை சௌகரியம் கிட்டியதில்லை. இப்போது சீசன் டிக்கெட்டும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டபடியால், வருங்கால ஆய்வாளர் கதி என்னாகுமோ என்று கவலையாக இருக்கிறது.

புத்தகத்தைப் பாதியில் விடுவதில் நம்மவர்க்கு உள்ள கூச்சம் சாமானியமானதன்று. புத்தகம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஜாதி நாம். சுந்தரகாண்டப் பாராயணம் தொடங்கினால் குறித்த நாளில் பூர்த்தி செய்யாமல் விடக் கூடாது என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தபடியால், அதே பயபக்தியைத் துப்பறியும் நாவலுக்கும், பங்குச் சந்தையில் லாபம் சம்பாதிப்பது எப்படி என்ற புத்தகத்துக்கும் செலுத்திவிடுகிறோம். இத்தனைக்கும், முழு மகாபாரதத்தை வீட்டில் வைத்துப் படித்தால் குடும்பத்தில் கலகம் வரும் என்று சொல்லி, உலகத்திலேயே நீளமான நூல்களுள் ஒன்றைப் படிக்காமலே விட வழி செய்துகொண்டவர்களும் நாமேதான்.

சாஸ்திர ஆதாரம் வேண்டுவோருக்குப் பவணந்தி முனிவர் இருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் செய்த நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கூறியது கூறல் என்பதை வில்லிவாக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். மிகைபடக் கூறல் கொரட்டூரில் வெளிப்படும். மற்றொன்று விரித்தல் திருமுல்லைவாயிலுக்குள் தலை காட்டாமல் இராது. ஆனால் சென்று தேய்ந்து இறுதல் என்ற குற்றம் ஒன்று உண்டே, அதாவது தொடங்கும்போது இருந்த மிடுக்குப் போகப் போகக் குறைந்து, முடிவில் நூல் சப்பென்று போய்விடுவது, அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் மட்டுமே அறிய முடியும். ஆகவே இடையில் விடும் வாசகர் அந்த ஒரு குற்றத்தை ஆசிரியர்மேல் சுமத்த ஒருபோதும் இயலாதவர் ஆகிறார். ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் உண்டா?

இதற்கு ஒரு பூர்வபக்ஷம் உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த ஊரில், “எடுத்த காரியத்தைப் பாதியில விடலாமா? 1965-ல முதல் விஜயந்தா டாங்கியைப் பாதி செஞ்சா வெளியே அனுப்பினோம்?” என்று கேட்பவர் இருப்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் முடிக்க வேண்டிய கடமை செய்தவருடையது; ஓட்டிப் பார்ப்பவர், வண்டி மேட்டில் ஏற மறுத்தால், அங்கேயே இறங்கிவிட உரிமை உடையவர். வாசகர் ஓட்டிப் பார்க்கும் கட்சியைச் சேர்ந்தவர் என்பது நம் சித்தாந்தம். மேலும், செய்பவர்களே எப்போதும் முடித்துவிட்டார்களா என்ன? பாரதியாரின் சந்திரிகையின் கதை முற்றுப்பெறவில்லை. புதுமைப்பித்தனின் அன்னை இட்ட தீயும் அப்படியே. கல்கியின் அமர தாராவை அவர் 1954-இல் மறைந்தபின் அவருடைய புதல்வி ஆனந்தி முடித்துவைத்தார். இவை விதி செய்த இடையூறுகளாதலால் வாசகரின் சோம்பலுக்கு இவற்றைச் சாக்காகக் காட்டுவது தர்மமன்று. காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனவே புத்தகத்தை இடையில் விடுவதில் குற்றம் யாதும் இல்லை. குற்றம், விட்ட புத்தகத்தை விடாமல் வைத்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. முற்காலத்தில் இதற்கு ஒரு வடிகால் இருந்தது. பாதி படித்த புத்தகங்கள் மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடைகளுக்குச் சென்று, அங்கிருந்து இரண்டாம் வாசகரை அடைந்தன. அந்த மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் எழுந்த கட்டடத்திலிருந்துதான் இன்று ஆவடி வண்டிகள் புறப்படுகின்றன. புத்தகங்களோ ஆவடிக்கு வரும் திசையில் மட்டுமே பிரயாணம் செய்கின்றன. ஒவ்வொரு ஜனவரியிலும் புத்தகக் காட்சியில், பத்து சதவிகிதக் கழிவின் மயக்கத்தில் வாங்கப்பட்டுப் பை பையாக வந்து இறங்குபவை, பரணில் ஏறியபின் திரும்பிப் போவதே இல்லை.

சொந்தப் புத்தகமாவது போகட்டும். நூலகப் புத்தகம் அப்படியன்று. சீர்காழியில் பிறந்து சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகரின் காலம் வீணாகக் கூடாது என்பதையும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் எங்கோ உண்டு என்பதையும் சேர்த்தே வைத்தார். முன்னதன்படி நீங்கள் விட்டுவிடலாம். பின்னதன்படி உடனே திருப்பித் தந்தாக வேண்டும். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருபவர்கள் நாம் என்பது உண்மையே. ஆயினும் அந்த வரியால் வருவது எடுத்துப் படிக்கும் உரிமையே தவிர, படிக்காமல் வைத்துக்கொள்ளும் உரிமை அன்று. ஆகையால், கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, நாற்பதாம் பக்கத்தோடு கட்டிலுக்கடியில் கிடக்கும் புத்தகம் எதையேனும் வைத்திருக்கும் ஆவடிவாசிகள், தயைகூர்ந்து இந்த வாரத்துக்குள் அதைத் தூசி தட்டி, நூலகத்தில் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் சீசன் டிக்கெட்டை எடுக்க வேண்டாம்.