ரீபேஸ் சொதப்பினால் மிச்சத்தையும் கெடுப்பது எப்படி?

"மெயின் மேல ரீபேஸ் பண்ணிட்டு பிஆர் போடுங்க" என்று லீட் சொன்னார். பண்ணினீர்கள், கான்ஃப்ளிக்ட் வந்துவிட்டது. கோப்பு முழுக்க அம்புக்குறிகளும் சமக்குறிகளும் ஏழேழாக வரிசைகட்டி நிற்கின்றன. இப்படி அரைகுறையாகக் கெட்டுக் கிடப்பது யாருக்கும் அழகல்ல. முழுசாகக் கெடுத்துவிடுவோம்.

முதலில், திரையில் இருப்பதைப் படிக்காதீர்கள். படித்தால் 'கிட் ரீபேஸ் --அபார்ட்' கண்ணில் பட்டுவிடும். அதை அடித்தால் தொடங்கிய இடத்துக்கே போய்ச் சேருவீர்கள், கதை அங்கேயே முடிந்துவிடும். பதிலாக '--ஸ்கிப்' அடியுங்கள். பெயர் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தாண்டிப் போவது கான்ஃப்ளிக்டை அல்ல, உங்கள் கமிட்டையே.

அதற்கு மனசு வராதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'அவர்ஸ்' எடுக்கலாம். மெர்ஜில் அது நம்முடையது. ரீபேஸிலோ கிட் முதலில் மெயினில் போய் உட்கார்ந்துகொண்டு, உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி மேலே வைக்கிறது. எனவே 'அவர்ஸ்' என்றால் மெயின். உங்கள் உழைப்புக்குப் பெயர் 'தெயர்ஸ்'. இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

ரீபேஸ் ஒருவழியாக முடிந்தது. பாதி ஃபங்ஷன்களைக் காணோம். இப்போதுதான் முக்கியமான கட்டம்: 'கிட் ரீஃப்லாக்' பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஹெட் எங்கெங்கே நகர்ந்ததோ அத்தனையும் அதில் பதிவாகியிருக்கும். 'ரீபேஸ் (ஸ்டார்ட்)' என்ற வரிக்கு நேர் கீழே உள்ளதுதான் ரீபேஸுக்கு முந்தைய உங்கள் நிலை. அந்த ஹேஷை எடுத்து 'கிட் ரீசெட் --ஹார்ட்' பக்கத்தில் ஒட்டினால் பழைய கமிட்டுகள் எல்லாம் திரும்பிவிடும். கிளையிலிருந்து அறுந்துபோன கமிட்டைக்கூட இந்தப் பதிவு வழக்கமாக 30 நாள் காப்பாற்றி வைக்கும், மற்றவற்றை 90 நாள். பயந்த சுபாவக்காரர்கள் ரீபேஸுக்கு முன்பே 'கிட் பிராஞ்ச் பேக்கப்' என்று ஒரு கிளை போட்டுவைப்பார்கள். அவர்களோடு சேராதீர்கள்.

கமிட் பண்ணாத திருத்தங்கள் ஏதாவது கையில் இருந்தால் மட்டும் அந்த ரீசெட்டைத் தாராளமாக ஓட்டுங்கள். அவற்றை ரீஃப்லாக் அறியாது, திரும்பி வரவே வராது.

இன்னும் உறுதியான வழி, ஃபோல்டரையே டெலிட் செய்துவிட்டு மறுபடி குளோன் எடுப்பது. ரீஃப்லாக் உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கும், சர்வரிலிருந்து குளோனோடு வராது. புதுக் குளோன் பளபளவென்று இருக்கும், பழைய பாவம் புண்ணியம் எதுவும் இல்லாமல்.

அவ்வளவு துணிச்சல் இல்லையென்றால், கெட்டதை அப்படியே புஷ் பண்ணுங்கள். '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' வேண்டாம். நீங்கள் கடைசியாக ஃபெட்ச் செய்த பிறகு வேறு யாராவது அந்தக் கிளையில் புஷ் செய்திருந்தால், அது மறுத்துவிடும். வெறும் '-எஃப்' போதும், யாரையும் கேட்காது.

கூட வேலை செய்பவரின் கமிட்டுகளும் சேர்ந்து போயிருக்கும். ஆனால் அவர் லேப்டாப்பில் அவை இன்னும் பத்திரமாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அவர் குழம்பிப்போய் உங்களிடம் வந்து கேட்டால், நிதானமாகச் சொல்லுங்கள்: "ப்ரோ, ஃபோல்டரை டெலிட் பண்ணிட்டு ஃப்ரெஷ்ஷா குளோன் எடுங்க, சரியாயிடும்."