கிரவுண்டு விலையும் கொள்ளுத்தாத்தாவும்

சென்னையை அடுத்த அயனம்பாக்கத்தில் வம்ச வரலாற்று ஆராய்ச்சி கிரவுண்டு விலையோடு சேர்ந்தே வளர்ந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் கொள்ளுத்தாத்தா பெயரை யாரும் கேட்டதில்லை; வயல் மனையானதும் பேரன்கள் அத்தனை பேரும் சரித்திர ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். திண்ணைக் கதையில் தாத்தாவுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம். வில்லங்கச் சான்றில் அரை ஏக்கர், அதுவும் அடமானத்தில். பழைய கிரயப் பத்திரம் கதை விடாது: வடக்கே வாய்க்கால், கிழக்கே பங்காளி நிலம், கீழே மங்கிப்போன இடது பெருவிரல் ரேகை. வாங்கிய கடன் பைசா சுத்தமாக இருக்கும். திண்ணைக் கதையில் தாத்தா ஓட்டிய குதிரையைப் பற்றிப் பேச்சே இராது.

வம்சாவளியில் பெண்கள் பெயரும் இராது. 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்றது. 2005இல் மத்திய சட்டமும் அதையே சொன்னது, மணமான மகளையும் சேர்த்து. அதற்கப்புறம்தான் திருத்தணியில் கட்டிக்கொடுத்த அத்தையின் பெயர் பலருக்கு ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் பொங்கல் சீர் தவறாமல் போகிறது. கூடவே, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும்.

அத்தைமார்களே, புடவையைக் கட்டிக்கொள்ளுங்கள். காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.